கொம்பையா மாஸ்டருக்கு வாயு

வாங்க மாஸ்டர், உக்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், ஒரு கால் ஆடும். இந்தப் பெஞ்சுல உக்காருங்க. டீ சொல்லியிருக்கேன், வந்துரும்.

புளியங்குடியிலயா இருந்திய இதுக்கு முன்ன? நல்லது. வேலையைப் பத்தி நான் உங்ககிட்ட ஒண்ணும் கேக்கப் போறதில்ல. ஒரு பரோட்டா போட்டா தெரிஞ்சிட்டுப் போவுது. நாந்தான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்க பஸ்ஸை விட்டு எறங்கி முக்குல நின்னு, குத்தாலிங்கம் பரோட்டா ஸ்டால் எங்க இருக்குன்னு கேட்டிருப்பிய. வழி சொன்னவன் வழியை மட்டுமா சொல்லியிருப்பான்? ‘அங்கயா வேலைக்குப் போறிய’ன்னு ஒரு சிரிப்பு சிரிச்சிருப்பான். சிரிச்சானா? சரி, நீங்க சொல்ல மாட்டிய. மரியாதை தெரிஞ்ச ஆளு.

கொம்பையா விஷயத்தைத்தான் பேசுதாங்க. ஒரு வருஷமா இந்தப் பஜார்ல எல்லாத்துக்கும் அதுதான் சோலி. நான் என்னமோ அவன் கையை முறிச்சி அடுப்புல வச்ச மாதிரி. அந்தப் பேச்சைக் கேட்டுக்கிட்டு ஒரு மாஸ்டரும் வர மாட்டேங்கான். பொங்கல் வரைக்கும் ஒருத்தன் நின்னான், அவனும் ஊருக்குப் போயிட்டு வாறேன்னு போனவன்தான். இப்ப சீசன் தொடங்கியாச்சு. காலையில இருந்து சாரல் விழுது, நீங்களே நனைஞ்சிட்டுத்தான வந்திருக்கிய. குத்தாலத்துல தண்ணி விழுந்தா இந்த ரோட்டுல கார் நிக்காமப் போகும். போறவனைப் பிடிச்சி உக்கார வைக்க எங்கடையில ஆளில்ல. இந்த சீசனை விட்டேன்னா கடையைச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான். அதனால நீங்க என் வாயாலயே கேட்டுக்கிடுங்க. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, நான் அவனுக்கு என்ன குறை வச்சேன்னு.

கொம்பையா நல்ல மாஸ்டர். அதை நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். கைராசிக்காரன். எங்கிட்ட ரொம்ப வருஷம் இருந்தான். காலையில மாவு பிசைஞ்சி, எண்ணெய் தடவி, ஈரத்துணி போட்டு மூடி வச்சிட்டு, அது பக்கத்துலயே உக்காந்திருப்பான். கைப்பிள்ளையைத் தூங்கப் போட்டுட்டு உக்காந்திருக்க மாதிரி. அதிர்ந்து பேச மாட்டான். லீவு கேக்க மாட்டான். கேட்டாலும் கேட்ட மாதிரி இருக்காது.

அவன் எல்லாரையும் போல இடுப்பு உசரத்துலதான் வீசிக்கிட்டிருந்தான். பலகை மேல சப்பு சப்புன்னு ரெண்டு வீசு, மாவு விரிஞ்சிரும். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா யாருக்குத் தெரியுது? அருவியில குளிச்சிட்டு, தலையைத் துவட்டிக்கிட்டே பசியோட கார்ல வாறான் பாருங்க, அவனுக்குத் தெரியணும்லா. எதிர்த்த கடைக்காரன் கலர் கலரா லைட்டு போட்டு வச்சிருக்கான். நானும் யோசிச்சேன். பலகையைத் தூக்கி வாசல்ல போட்டேன். மேல ஒரு போகஸ் லைட்டைக் கட்டினேன். கொம்பையாவைக் கூப்பிட்டு, இனிமே தலைக்கு மேல வீசுடேன்னேன்.

“தலைக்கு மேலயா அண்ணாச்சி? எதுக்கு?”ன்னான்.

“கார்ல போறவனுக்குத் தெரியணும்டே.”

“பரோட்டாவுக்கு அது வேண்டாம் அண்ணாச்சி. பலகையில வீசினாலே விரியும்.”

“பரோட்டாவுக்கு வேண்டாம்டே, கடைக்கு வேணும்”னேன்.

வீசினான். ஆகா, அதைப் பாக்கணும் மாஸ்டர் நீங்க. மாவு அந்த லைட்டு வெளிச்சத்துல மேல போயி, துணி மாதிரி விரிஞ்சி, சுத்திக்கிட்டே எறங்கும். கார் ஒவ்வொண்ணா பிரேக் போட்டு நிக்கும். பிள்ளைகள்லாம் கண்ணாடியை எறக்கிட்டு செல்போனைத் தூக்கும். சிரிச்ச மொகமா வீசணும்னு சொல்லியிருந்தேன், அதையும் செஞ்சான். அந்த சீசன் முடிஞ்சும் நான் நிறுத்தச் சொல்லல. நல்லா ஓடுறதை எதுக்கு நிறுத்தணும்? வருஷம் பூரா தலைக்கு மேலதான் வீசினான்.

பொறவு போன வருஷம் சித்திரையில ஒரு நாள் வந்து நிக்கான், தோள் வலிக்கு அண்ணாச்சின்னு.

எங்கடே வலிக்குன்னேன். வலது தோள் மூட்டுல தொடங்கி பாதிக் கை வரைக்கும் இழுக்குன்னான். கையை மேல தூக்கும்போது ஒரு இடத்துல சுருக்குன்னு பிடிக்கு, அந்தப் பக்கமா ஒருச்சாய்ச்சிப் படுக்க முடியல, சட்டை மாட்டுறதுக்கே ஒலகம்மா வர வேண்டியிருக்குன்னான். ஒலகம்மா அவன் பொண்டாட்டி. பீடி சுத்துதா. நான் கேட்ட ஒடனே கண்டுபிடிச்சிட்டேன். வாயு.

வாயுன்னா லேசா நெனச்சிராதிய மாஸ்டர். அது வயித்துல உண்டாகும், ஆனா வயித்துல நிக்காது. மூட்டு பாத்துப் போயி உக்காந்துக்கிடும். நேத்து என்னடே சாப்பிட்டேன்னு கேட்டேன். மொச்சைக்கொட்டைக் குழம்புன்னான். பாத்தியான்னேன்.

பூண்டைச் சுட்டுத் திங்கச் சொன்னேன். பெருங்காயத்தை மோர்ல கலக்கிக் குடுத்தேன். வலி கேக்கல. சரி, குளிர்ச்சியா இருக்குமோன்னு அருவிக்குப் போகாதேன்னேன். நான் அருவிக்குப் போயே வருஷக்கணக்காச்சு அண்ணாச்சி, கடைக்கு வரவே நேரம் சரியா இருக்குன்னான். அப்ப வீட்டுத் தண்ணியில தலைக்கு ஊத்தாதேன்னேன். தலையணை உசரமா வச்சிருக்கியான்னு கேட்டேன். தலையணையே இல்லாமப் படுக்கச் சொன்னேன். பொண்டாட்டி பக்கம் கையை மடக்கிப் போட்டுத் தூங்குதியோன்னு கூடக் கேட்டேன், வெக்கத்தை விட்டு. சாப்பாடு, தண்ணி, தலையணை, பொண்டாட்டி, சைக்கிள்ல எந்தக் கையை ஊனி ஏறுதான், எல்லாத்தையும் பாத்துட்டேன் மாஸ்டர். இதுக்கு மேல ஒரு மனுசன் என்ன காரணத்தைத் தேட முடியும்? சொல்லுங்க.

சரிப்பட்டு வரலன்னதும் நானே வைத்தியத்துல எறங்கினேன். உங்களுக்குத் தெரியாதுல்லா, நான் காலால பொறந்தவன். எங்கம்மைக்குத் தலை வரல, கால்தான் மொதல்ல வந்துச்சு. காலால பொறந்தவன் மிதிச்சா பிடிப்பு விட்டுரும். இது ஊரு அறிஞ்ச சங்கதி. இந்தப் பஜார்ல மூட்டை தூக்குறவங்க எல்லாம் இடுப்பு பிடிச்சிக்கிட்டா எங்கிட்டதான் வருவாங்க. ‘மிதி அண்ணாச்சி’ன்னுதான் எனக்குப் பேரே. குப்புறப் படுக்கச் சொல்லி இடது காலால மிதிச்சி விடுவேன். எந்திரிச்சி நடந்து போயிருவாங்க. அதுல சில பேரு திரும்ப வரவே இல்ல, அந்த அளவுக்குச் சொஸ்தமாயிருக்கு.

கொம்பையாவைச் சாக்கு விரிச்சிப் படுக்கப் போட்டேன். செவுத்தைப் பிடிச்சிக்கிட்டு அந்த வலது தோள்ல ஏறி நின்னேன். நான் கொஞ்சம் கனமான ஆளுதான், மறைக்க முடியுமா? அண்ணாச்சீன்னு ஒரு சத்தம் போட்டான். வாயு பிரியும்போது அப்படித்தான் சத்தம் வரும். விட்டுட்டாடேன்னு கேட்டேன். விட்டுட்டு அண்ணாச்சி, எறங்குங்கன்னான். பாத்துக்கிடுங்க, அவன் வாயாலயே சொன்னான். அதுக்கப்புறம் தினமும் கடை தொறக்குறதுக்கு முன்னால மிதிச்சேன். தினமும் விட்டுட்டாடேன்னு கேப்பேன், தினமும் விட்டுட்டுன்னுதான் சொன்னான். ஒரு நாளாவது விடலன்னு சொல்லியிருந்தா நான் வேற மாதிரி மிதிச்சிருப்பேன்லா?

டீ வந்துட்டு. குடிங்க, ஆறிரும். சீனி போதுமா?

இப்படி நல்லாப் போயிக்கிட்டு இருக்கும்போதுதான் ஒலகம்மா குறுக்க வந்தா. தென்காசியில ஒரு டாக்டரம்மாவைப் பாக்கணும், எலும்புக்குப் பாக்குறாவன்னா. நான் தடுக்கல. நானும் கூடப் போனேன். ஆட்டோ பிடிச்சிக் கூட்டிட்டுப் போனது யாரு? நாந்தான். அதைப் பஜார்ல ஒருத்தனும் சொல்ல மாட்டான்.

அந்தம்மா ரொம்பச் சின்னப் பிள்ளை. கையை இப்படித் தூக்கு, அப்படித் திருப்பு, முதுகுக்குப் பின்னால கொண்டு போன்னு பாத்துச்சு. சுகர் இருந்தாலும் தோள் இறுகும்னு சொல்லி ரத்தம் எடுத்துச்சு. சுகர் இல்ல. தோளைச் சுத்தி இருக்க தசைநாரு எலும்புல உரசி உரசி வீங்கிப் போயிருக்கு, கையைத் தலைக்கு மேல தூக்கித் தூக்கிச் செய்ற வேலை எதுவும் உண்டான்னு கேட்டுச்சு.

அவன் வாயைத் தொறக்குறதுக்குள்ள நாஞ் சொன்னேன், பரோட்டா மாஸ்டரும்மான்னு.

“பரோட்டாவுக்குப் பலகை கீழதான இருக்கு? தலைக்கு மேல எதுக்குக் கை போவுது?”ன்னு கேக்கு அந்தப் பிள்ளை. படிச்ச பிள்ளைக்கு வியாபாரம் தெரியுமா? அதுக்குள்ள ஒலகம்மா, “அண்ணாச்சிதாம்மா காருக்குத் தெரியணும்னு மேல வீசச் சொன்னாவ”ன்னு போட்டுக் குடுத்துட்டா. டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பாத்துச்சு. பொறவு அவன் சட்டையை எறக்கிட்டு, தோள்ல நீலமா கெடக்கே, யாரு அடிச்சதுன்னு கேட்டுச்சு.

யாரும் அடிக்கலம்மா, நான் மிதிச்சேன்னேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழ வச்சிருச்சு. காலால பொறந்த விவரத்தைச் சொன்னேன். அது திரும்பவும் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கிருச்சு. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நம்ம வைத்தியம் எதுவும் தெரிய மாட்டேங்கு, பாவம்.

கடைசியில என்ன சொல்லிச்சுன்னா, ஒண்ணரை மாசத்துக்கு வலது கை தோளுக்கு மேல போகக் கூடாது. கனம் தூக்கக் கூடாது. மாத்திரை கொஞ்ச நாளைக்கு, சாப்பிட்ட பொறவுதான் போடணும், இல்லன்னா வயித்தைப் புண்ணாக்கிரும். வெந்நீர்த் துணியை வச்சி ஒத்தடம் குடுக்கணும். அதுக்குன்னு கையைத் தொட்டில் கட்டிச் சும்மாவும் வச்சிரக் கூடாது, இறுகிரும். குனிஞ்சி நின்னு கையைத் தொங்க விட்டு ஊஞ்சல் மாதிரி ஆட்டணும். செவுத்துல விரலை வச்சிப் பைய பைய ஏத்தணும், வலி வர்ற இடத்துல நிறுத்திரணும். இதெல்லாம் செஞ்சா ஆபரேஷன் கீபரேஷன் ஒண்ணும் வேண்டாம், தானாச் சரியாயிரும். செய்யாம மேல மேல வீசினா நாரு கிழிஞ்சிரும், மூட்டு இறுகிக் கையைத் தூக்கவே வராதுன்னு சொல்லிச்சு. மிதிக்கிறதை இன்னைக்கே நிறுத்துங்கன்னு என்னைப் பாத்துச் சொல்லிச்சு. அவ்வளவு நேரத்துல வாயுன்னு ஒரு வார்த்தை அது வாயில வரல மாஸ்டர். எனக்கு அப்பவே சந்தேகம்தான்.

ஆனாலும் டாக்டர் சொல்லை நான் மீறல. அதுதான் முக்கியம். மிதிக்கிறதை அன்னைக்கே விட்டேன். வீசுறதையும் நிறுத்தச் சொல்லிட்டேன். ஓய்வா இருடே, கொத்துப் பரோட்டாவை மட்டும் பாத்துக்கோன்னேன். கொத்துறதுக்குக் கை தோளுக்கு மேலயா போவுது? ரெண்டு தகடையும் பிடிச்சிக்கிட்டு கல்லுக்கு நேரா நின்னுக்கிட்டே செய்ற வேலை. சாயங்காலம் தொடங்கினா கடை சாத்துற வரைக்கும் டக டக டகன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். எங்க சால்னாவுக்குக் கொத்துதான் மாஸ்டர் சரியான ஜோடி, நல்லாப் போகும்.

ஒரு வாரத்துல, வலி கழுத்துக்கு ஏறிட்டு அண்ணாச்சிங்கான். நான் கேக்கேன், நாரு நடமாடுமா? தோள்ல இருக்க நாரு தோள்லதான கெடக்கணும்? வாயுதான் மாஸ்டர் எடம் விட்டு எடம் போகும். நான் மொதல்லயே சொன்னது சரியாப் போச்சுல்லா? அந்த நேரத்துலயும் நான் அவங்கிட்ட குத்திக் காட்டல.

உடற்பயிற்சியும் நான் விடல. கையைத் தொங்க விட்டு ஆட்டணும்னு சொல்லிச்சுல்லா, சும்மா எதுக்கு ஆட்டணும்? சால்னா வாளியைக் கையில குடுத்தேன். கடை பூரா மேஜை மேஜையா நடந்து ஊத்துனா கையும் ஆடும், வேலையும் ஆகும். செவுத்துல விரலை ஏத்தணும்னு சொல்லிச்சே, அதுக்கு ஒரு ஈரத்துணியைக் குடுத்தேன். எண்ணெய்ப் பிசுக்கு பிடிச்ச செவுரு, பாத்தியளா இப்ப எப்படி இருக்குன்னு? அவன் தொடைச்சதுதான். அந்த மேல கோடு தெரியுதா, அது வரைக்கும்தான் அவனுக்குக் கை எட்டுச்சு. அதுக்கு மேல அழுக்கு அப்படியே இருக்கும். நான் அதுக்கு ஒண்ணும் சொல்லல.

இதுக்குள்ள ஆனி பொறந்துட்டு. சாரல் வந்துட்டு. பலகையில வேற ஒருத்தனை நிப்பாட்டியிருந்தேன், அவன் இடுப்பு உசரத்துலயே வீசுதான். காரெல்லாம் விர்ருன்னு போவுது. வாசல்ல அவ்வளவு பெரிய லைட்டு எரியுது, கீழ பாக்குறதுக்கு ஒண்ணுமில்ல. அதுக்கு முந்தின வருஷம் பாத்துட்டுப் போனவங்க வேற வந்து, எங்க அந்த மாஸ்டர்னு கேக்காவ. நான் என்ன செய்வேன்?

கொம்பையாவை நான் கட்டாயப்படுத்தினேன்னு பேசிக்கிடுதாங்க. சத்தியமா இல்ல மாஸ்டர். உனக்கு எப்ப முடியுமோ அப்ப வீசுடேன்னுதான் சொன்னேன். தினமும் அதையேதான் சொன்னேன். காலையில வந்ததும் சொல்லுவேன், சாயங்காலம் லைட்டைப் போடும்போது ஒருக்கா சொல்லுவேன். வேற ஒரு வார்த்தை கூடச் சொல்லல.

ஒலகம்மா ஒரு நாள் கடைக்கு வந்து, “அண்ணாச்சி, டாக்டரம்மா சொன்ன நாளு இன்னும் முடியல. கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க. கை இருந்தாத்தான அவுக உங்களுக்கும் வேலை செய்ய முடியும்”னா. ஏம்மா, சீசன் அது வரைக்கும் நிக்குமாம்மான்னு கேட்டேன். நான் கேட்டது நியாயமா இல்லையா? சாரலு என்ன டாக்டரைக் கேட்டுக்கிட்டா விழுது?

அவ போன அன்னைக்குச் சாயங்காலமே கொம்பையா எந்திரிச்சி வாசலுக்குப் போயிட்டான். நான் சொல்லவே இல்ல. அப்பத்தான் லைட்டைப் போட்டேன், அவ்வளவுதான். வீசினான். முன்ன மாதிரி உசரம் போகல, ஆனாலும் காரு நின்னுச்சு. எனக்குக் கண்ணெல்லாம் கலங்கிட்டு மாஸ்டர், உண்மையிலயே. பழைய கொம்பையா வந்துட்டான்னு ஒரு சோடாவை ஒடைச்சி நானே கொண்டு போயிக் குடுத்தேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை. இன்னும் இருட்டல. ரெண்டு வேன் நிறைய ஆளு, மலையாளத்துக்காரங்க. ரோடு பூரா கூட்டம். எல்லாக் கையிலயும் செல்போன். கொம்பையா ஒவ்வொண்ணா வீசுதான். நான் கல்லாவுல உக்காந்துக்கிட்டு, இன்னும் மேல, இன்னும் மேலன்னு சத்தம் குடுக்கேன். கூட்டத்துக்கு அது பிடிக்கும். ஒரு வீசு வீசினான் பாருங்க. மாவு மேல போச்சு, கையும் மேல போச்சு. மாவு எறங்கிட்டு. கை எறங்கல.

மாவு நேரா அவன் மூஞ்சி மேல வந்து விழுந்துச்சு. அப்படியே போத்திக்கிட்டு. கூட்டம் கை தட்டிச் சிரிக்கு. நானும் சிரிச்சேன். புதுசா ஒரு வித்தை பழகியிருக்கான்னு நெனச்சேன். அப்படித்தாண்டே, இன்னொண்ணுன்னேன். அவன் அசையல. வலது கை அந்தரத்துல நிக்கு. இடது கையால வலது முழங்கையைத் தாங்கிப் பிடிச்சிருக்கான், அதை விட்டாக் கை கீழ விழுந்து உயிர் போயிரும் போல. மூஞ்சியில கெடக்க மாவை எடுக்க அவனுக்குக் கையில்ல. மூக்குக்கிட்ட மாவு உள்ள போவுது, வெளிய வருது. சனம் இன்னும் சிரிச்சிக்கிட்டுத்தான் இருக்கு.

ஒலகம்மா மாத்திரை குடுக்க வந்திருந்தா. அவ அவனைச் சாப்பிட வச்சி மாத்திரை குடுத்துட்டுத்தான் போவா. கூட்டத்தை விலக்கிக்கிட்டு வந்து, அந்த மாவை மெதுவா உரிச்சி எடுத்தா. அவன் கண்ணெல்லாம் தண்ணி. முந்தானையால தொடைச்சி விட்டா. அப்பத்தான் சிரிப்பு நின்னுச்சு. அவன் கையைத் தன் தோள்ல போட்டுப் பைய எறக்கினா. பொறவு அந்த மாவை உருட்டிக் கொண்டு வந்து எங்கல்லா மேல வச்சா.

“அண்ணாச்சி, இதையும் சுட்டு வித்துருங்க”ன்னா.

எப்படி இருக்கும் எனக்கு? அத்தனை கஸ்டமர் முன்னால. மூஞ்சியில பட்ட மாவை நான் சுடுவேனா? சுத்தத்துக்குப் பேரு வாங்கின கடை இது. அதுல மனசு விட்டுப் போச்சு மாஸ்டர். அவ அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அவன் அவ கூட நடந்து போனான். சொல்லிட்டாவது போயிருக்கலாம், போறேன் அண்ணாச்சின்னு.

அதோட சரி. டாக்டரம்மா, நாரு பாதி கிழிஞ்சிட்டு, மூட்டும் இறுகிட்டுன்னு சொல்லிச்சாம். திரும்ப வர ஒரு வருஷத்துக்கு மேல கூட ஆகலாம், பழையபடி வருமான்னு சொல்ல முடியாதுன்னுச்சாம். இப்ப அவ பீடி சுத்துதா, அவன் பக்கத்துல உக்காந்து இலை வெட்டிக் குடுக்கான். கத்திரிக்கு முழங்கைக்குக் கீழதான வேலை, அது முடியுதாம். பழம், ஆர்லிக்ஸ் பாட்டிலெல்லாம் குடுத்து விட்டேன். வாங்கிக்கிட்டா. என்னைக் கூப்பிட்டு உக்காருங்கன்னு சொல்லல.

இந்த வருஷம் சித்திரையில எங்க முப்பிடாதி அம்மன் கோயில் திருவிழா, கொடை. சீசன் வருது, கொடையில வச்சிக் கொம்பையாவைப் பாத்துப் பேசி முடிச்சிருவோம்னு போனேன். ஒரு வருஷத்துல எந்த வாயுவும் எறங்கியிருக்கும்லா? மத்தியானப் பூசை. வில்லுப்பாட்டு நின்னு, நையாண்டி மேளம் முழங்குது. கயித்தைக் கட்டி ஆம்பிளைங்க ஒரு பக்கம், பொம்பிளைங்க ஒரு பக்கம். நான் முன் வரிசை. எனக்கு நேர் எதிர்த்தாப்புல வளைவா நிக்க கூட்டத்துல கொம்பையா. எளைச்சிருந்தான். வெள்ளைச் சட்டை போட்டு, திருநீறு பூசி, பாக்க நல்லாத்தான் இருந்தான்.

சூடம் ஏத்தித் தீவாரணை காட்டுதாங்க. பொம்பிளைங்க குலவை போடுதாங்க. ஊரே ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் கும்பிடுது. இவன் இடது கையை மட்டும் தூக்குதான். எனக்குச் சுர்ருன்னு வந்துட்டு. என்னதான் கோபதாபம் இருந்தாலும் அம்மன் முன்னால ஒத்தைக் கையிலயா கும்பிடுவாங்க? அவ என்ன உன் கூட்டாளியா? பக்கத்துல நின்னவங்கிட்ட சொல்லவே செஞ்சேன், பாத்தியாடே திமிரைன்னு.

அப்ப ஒலகம்மா கயித்துக்கு அடியில குனிஞ்சி இந்தப் பக்கம் வந்தா. யாரும் தடுக்கல. அவன் வலது கையை ரெண்டு கையாலயும் பிடிச்சி மெல்லத் தூக்கினா. நெஞ்சு வரைக்கும் வந்துச்சு. அதுக்கு மேல வரல. கொஞ்சம் ஏத்திப் பாத்தா. அவன் பல்லைக் கடிக்கான், முகமெல்லாம் வேர்த்து ஊத்துது. சூடம் அணையப் போவுது. பொறவு அவன் என்ன செஞ்சாம்னா மாஸ்டர், கையைத் தலைக்குக் கொண்டு போக முடியலல்லா, தலையைக் கைக்குக் கொண்டாந்தான். அப்படியே குனிஞ்சி, இடது கையையும் எறக்கி வலது கையோட சேத்து, அதுல நெத்தியை வச்சிக் கும்பிட்டான்.

என்னைச் சுத்தி நின்னவங்க எல்லாம் அழுதுட்டாங்க. எனக்கும் தாங்கல. பொய் சொல்ல மாட்டேன். அவ்வளவு நாள் எங்கூட இருந்தவன். அதனாலதான் பூசை முடிஞ்ச ஒடனே வேகமாப் போயி அவன் முன்னால நின்னேன். அவன் நிமிந்து பாத்தான். “நல்லாருக்கியளா அண்ணாச்சி”ன்னு கேட்டான். கோபமே இல்ல மாஸ்டர் அவன் மூஞ்சியில. நல்லாருக்கேண்டே, சீசனுக்கு வந்துருதியான்னு கேட்டேன்.

அவன் ஒலகம்மாவைப் பாத்தான். ஒலகம்மா என்னைப் பாத்தா. அவ அவன் கையைப் பைய எறக்கி விட்டா, சட்டைக் கையைச் சரி பண்ணினா, கூட்டிட்டுப் போயிட்டா. வாறேன்னாவது சொல்லணும், வரலன்னாவது சொல்லணும். கேட்ட மனுசனுக்குப் பதில் கூடச் சொல்லாமப் போனா என்ன மரியாதை? அதுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஆறல.

இவ்வளவுதான் மாஸ்டர் நடந்தது. ஒண்ணு கூட்டல, ஒண்ணு குறைக்கல. இப்ப நீங்க சொல்லுங்க, இன்னைக்குச் சாயங்காலமே தொடங்கிருவமா? மாவு கூட வாங்கி வச்சிருக்கேன்.

என்ன, எந்திரிச்சிட்டிய? டீ அப்படியே இருக்கே. பையை எதுக்கு எடுக்கிய? மழை விடட்டும், இருங்க. உங்களைத் தலைக்கு மேல வீசுன்னு நான் சொல்லவே இல்லையே. உங்களுக்கு எப்ப முடியுமோ அப்ப வீசுனாப் போதும்.

எதுக்குக் கும்பிடுதிய எனக்கு? ரெண்டு கையும் எவ்வளவு உசரம் போவுது! நல்ல தோள் மாஸ்டர் உங்களுக்கு. இந்தத் தோளை வச்சிக்கிட்டு எங்க போறிய?